குவானஹுவாட்டோ பக்கம் ஒரு வாரம்: பீச் இல்லாத மெக்சிகோவுல என்ன பாக்கலாம்?

நீங்க கேட்டதுல நாலஞ்சு விஷயம் ஒண்ணா சேந்திருக்கு. கான்கூன் பீச் வேணாம், பழைய ஸ்பானிஷ் காலத்து ஊருங்க பாக்கணும், மலை காடுன்னு கொஞ்சம் வெளில நடக்கணும், கையில ஒரு வாரம் தான் இருக்கு, டல்லாஸ்ல இருந்து அம்மா அப்பாவையும் கூட்டிட்டு வர்றீங்க, அப்பாவுக்கு முட்டி வலி. சான் மிகேல் தே அயெந்தேல ரூம் போட்டுட்டு அங்கிருந்தே எல்லாத்தையும் பாத்துடலாமான்னு கேக்கறீங்க.

வேணாங்க. முதல் மூணு நாலு ராத்திரி குவானஹுவாட்டோ ஊருக்குள்ள தங்குங்க, அப்புறம் சான் மிகேல், கடைசியா கெரேட்டரோ, இப்படி ஒரே திசையில நகந்துட்டே போங்க. சான் மிகேல் அழகான ஊர் தான், யாரும் இல்லன்னு சொல்லல, ஆனா இந்தப் பகுதி மொத்தமும் ஏன் இப்படி இருக்கு, இவ்ளோ சர்ச்சும் மாளிகையும் இந்த வறண்ட மலைக்கு நடுவுல எங்கருந்து வந்துச்சுன்னு புரியணும்னா வெள்ளி எடுத்த இடத்துல இருந்து தான் ஆரம்பிக்கணும். அது குவானஹுவாட்டோ. மத்த ஊரெல்லாம் அந்த வெள்ளி போன வழியில முளைச்ச ஊருங்க, இல்லன்னா சுரங்கத்துல வேலை செஞ்சவங்களுக்கும் கோவேறு கழுதைங்களுக்கும் தீனி போட்ட ஊருங்க. வரிசைய மாத்தி சான் மிகேல்ல ஆரம்பிச்சீங்கன்னா கலர் கலரா சுவர், பூந்தொட்டி, போட்டோன்னு அதோட முடிஞ்சிடும்.

நான் சிலாவ் பக்கம் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனில வேலை பாத்த காலத்துல லீவு விட்டா இந்த ஊருங்க தான் போக்கிடம், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுத்துக்கோங்க.

இந்தப் பகுதிக்கு பஹியோன்னு பேர். மெக்சிகோ சிட்டிக்கு வடமேற்கால சுமார் 350 கிலோமீட்டர், கடல் மட்டத்துல இருந்து 2,000 மீட்டர் உயரத்துல இருக்கற மேட்டுநிலம். கொடைக்கானல் உயரம்னு வெச்சுக்கோங்க, ஆனா கொடைக்கானல் பச்சை இங்க இருக்காது, பாதி வருஷம் எல்லாம் காஞ்சு மஞ்சளா, கள்ளியும் முள்ளுமா தான் இருக்கும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மழை, அதுவும் பெரும்பாலும் சாயங்காலம் ஒரு மணி நேரம் கொட்டிட்டு போயிடும், காலைல சுத்தறதுக்கு பிரச்சனை இல்ல. ஏப்ரல், மே தான் சூடு. டிசம்பர், ஜனவரில பகல்ல நல்ல வெயில் அடிக்கும், ராத்திரி ஸ்வெட்டர் இல்லாம வெளில நிக்க முடியாது. என்னைக் கேட்டா அக்டோபர் கடைசி, நவம்பர் தான் பெஸ்ட், மழை நின்னு மலை இன்னும் பச்சையா இருக்கும். ஆனா அக்டோபர்ல குவானஹுவாட்டோல செர்வாந்தினோன்னு ஒரு பெரிய கலை விழா, 1972ல இருந்து நடக்குது, உலகம் பூரா இருந்து நாடகக்காரங்களும் இசைக்காரங்களும் வருவாங்க, அந்த சமயத்துல ரூம் கிடைக்கறது குதிரைக்கொம்பு, கிடைச்சாலும் ராத்திரி தூங்க விட மாட்டாங்க.

இப்ப குவானஹுவாட்டோ. ஒரு குறுகலான பள்ளத்தாக்கு, ரெண்டு பக்கமும் மலைச்சரிவு, அந்தச் சரிவுல மஞ்சள், சிவப்பு, நீலம்னு பெட்டி பெட்டியா வீடுங்க ஒண்ணு மேல ஒண்ணா ஏறியிருக்கும். பள்ளத்தாக்கோட அடியில முன்னாடி ஆறு ஓடிச்சு. ஒவ்வொரு தடவையும் வெள்ளம் வந்து ஊர அடிச்சிட்டு போகும், ஜனங்க இடிஞ்ச வீட்டு மேலயே அடுத்த வீட்ட கட்டிக்கிட்டு ஊர மேல மேல தூக்கிட்டே போனாங்க. 1905ல வந்த பெருவெள்ளத்துக்கு அப்புறம் தண்ணிய வேற வழியில திருப்பி விட்டுட்டு, 1960கள்ல அந்த ஆத்துப் படுகையவே ரோடா மாத்திட்டாங்க. அதனால இன்னைக்கு ஊருக்கு அடியில கார் ஓடுது, ஊருக்கு மேல மனுஷங்க நடக்கறாங்க. கீழ அந்த சுரங்கப்பாதைல ஒரு தடவை கண்டிப்பா நடந்து பாருங்க, நடைபாதை இருக்கு. தலைக்கு மேல பழைய பாலத்தோட கல் வளைவு, அதுக்கும் மேல யாரோ வீட்டு ஜன்னல் தெரியும், திடீர்னு ஒரு படிக்கட்டு மேல போகும், ஏறுனா நேரா ஒரு ப்ளாசா, அதாவது ஊர்ச் சதுக்கம், நடுவுல வந்து நிப்பீங்க. ஆனா வாடகைக் கார் எடுத்துட்டு இந்த ஊருக்குள்ள மட்டும் வந்துடாதீங்க. குகைக்குள்ள ஜிபிஎஸ் செத்துடும், எந்தப் பிரிவுல திரும்பணும்னு தெரியாம மலைக்கு அந்தப் பக்கம் போய் வெளில வருவீங்க. ஊருக்குள்ள நடை, இல்லன்னா டாக்ஸி, அவ்ளோ தான். ரூம் போடும்போதே வாசல் வரைக்கும் டாக்ஸி வருமான்னு கேட்டுக்கோங்க, ஏன்னா நிறைய வீட்டுக்கு படி ஏறி தான் போகணும், போட்டோல "வ்யூ சூப்பர்"னு போட்டிருந்தாலே 100 படி இருக்குன்னு அர்த்தம், அப்பா பாவம்.

முதல் நாள் ஒண்ணும் பெருசா வெச்சுக்காதீங்க. 2,000 மீட்டர் உயரம், சிலருக்கு லேசா தலை வலிக்கும், மூச்சு வாங்கும். ஹார்தின் தே லா ஊனியோன்னு முக்கோண வடிவத்துல ஒரு சின்ன பார்க் ஊர் நடுவுல இருக்கு, சுத்தி ஒரே அளவா கூரை மாதிரி வெட்டி விட்ட மரங்க, அங்க பெஞ்ச்ல உக்காந்துடுங்க. அந்த மரத்த அவங்க இந்திய லாரல்னு சொல்லுவாங்க, நம்ம ஆல், அரசு வகையறா தான் அது, ஆசியாவுல இருந்து போன மரம், இலைய பாத்தாலே அம்மா கண்டுபிடிச்சிடுவாங்க. எதிர்லயே தியேட்டர் ஹுவாரெஸ், 1903ல சர்வாதிகாரி போர்ஃபிரியோ தியாஸ் வந்து திறந்து வெச்சது, வெளில கிரேக்கத் தூணு, மேல சிலைங்க, உள்ள மூரிஷ் பாணில அரபு வேலைப்பாடு, ரெண்டுக்கும் சம்பந்தமே இருக்காது ஆனா பிரமிப்பா இருக்கும். அது பின்னாடியே பிப்பிலா மலைக்கு ஏத்தி விடற ஃபுனிகுலர், தண்டவாளத்துல சரிவு ஏறற பெட்டி, இருக்கு, அப்பா அதுல போயிடலாம், நீங்க சந்து வழியா நடந்து ஏறுங்க. சூரியன் மறையறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி மேல இருந்தீங்கன்னா ஊர் மொத்தமும் கிண்ணம் கிண்ணமா காலடில தெரியும், மஞ்சள் பசிலிக்கா, பக்கத்துல வெள்ளையா யுனிவர்சிட்டி, அதோட 113 படிக்கட்டு எல்லாமே.

அந்த பிப்பிலா சிலை யாருதுன்னு தெரிஞ்சா தான் அடுத்து பாக்கற கட்டடம் புரியும். 1810 செப்டம்பர் 28, ஸ்பெயினுக்கு எதிரா சுதந்திரப் போர ஆரம்பிச்ச இடால்கோ பாதிரியாரோட விவசாயிப் படை ஊருக்குள்ள வருது. ஸ்பானிஷ்காரங்க எல்லாம் பணத்தையும் வெள்ளியையும் தூக்கிட்டு அலோந்திகான்னு ஒரு தானியக் கிடங்குக்குள்ள புகுந்துட்டாங்க. அது கட்டி முடிச்சே ஒரு வருஷம் தான் ஆகியிருந்துச்சு, 1809ல முடிஞ்ச வேலை, கோட்டை மாதிரி கனமான சுவர். அப்ப ஒரு சுரங்கத் தொழிலாளி முதுகுல பட்டைக் கல்ல கட்டிக்கிட்டு குண்டு படாம தவழ்ந்து போய் மரக்கதவுல தீ வெச்சான்னு கதை. அவன் தான் பிப்பிலா. அப்படி ஒருத்தன் நிஜமாவே இருந்தானான்னு சரித்திரக்காரங்க இன்னமும் சண்டை போடறாங்க, ஆனா கதவு எரிஞ்சது நிஜம், உள்ள இருந்தவங்கள வெட்டித் தள்ளினதும் நிஜம். அடுத்த வருஷம் இடால்கோ, அயெந்தே, அல்தாமா, ஹிமேனெஸ்னு நாலு தலைவங்களையும் பிடிச்சு கொன்னு, தலைய மட்டும் கொண்டு வந்து இந்தக் கட்டடத்தோட நாலு மூலையிலயும் கூண்டுல தொங்க விட்டாங்க. 1821 வரைக்கும், அதாவது கிட்டத்தட்ட 10 வருஷம் அங்கயே தொங்குச்சு. மூலைல அந்தக் கொக்கி இன்னும் இருக்கு, கீழ பேரும் போட்டிருக்கு, சுத்தி வந்து பாருங்க. உள்ள இப்ப மியூசியம், மாடிப்படி சுவர் முழுக்க சாவெஸ் மொராதோ வரைஞ்ச பெரிய சுவரோவியம். மலை மேல இருக்கற பிப்பிலா சிலைக்குக் கீழ "எரிக்க வேண்டிய அலோந்திகாக்கள் இன்னும் இருக்கு"ங்கற மாதிரி ஒரு வாசகம் எழுதியிருக்கும், 1939ல வெச்ச சிலை, அந்தக் காலத்து அரசாங்கத்தோட மூடு அது.

ராத்திரி கயெஹோனியாதா. மாணவருங்க கருப்பு வெல்வெட் டிரெஸ், தோள்ல மேலங்கி, கையில கிட்டார், மாண்டலின்னு எடுத்துட்டு பாடிக்கிட்டே சந்து சந்தா போவாங்க, கூட்டம் பின்னாடியே போகும், நடுவுல ஜோக் வேற. ஸ்பானிஷ் தெரியலன்னா பாதி புரியாது, இருந்தாலும் போங்க, இந்த ஊர் சந்த ராத்திரில பாக்கறதுக்கு பாதுகாப்பான, ஜாலியான வழி அது தான். முத்தச் சந்துன்னு ஒண்ணு இருக்கே, ரெண்டு பால்கனிக்கு நடுவுல 68 சென்டிமீட்டர் தான் இடைவெளி, காதலர்கள் அப்பன்காரன்கிட்ட மாட்டி செத்த கதை எல்லாம் சொல்லுவாங்க. பகல்ல போனா போட்டோ எடுக்க க்யூ நிக்கணும். எனக்கு அந்தச் சந்த விட பேர் இல்லாத பக்கத்துச் சந்துங்க தான் பிடிக்கும்.

மம்மி மியூசியம் பத்தி எல்லாரும் சொல்லுவாங்க. கல்லறைக்கு வரி கட்டாதவங்க பொணத்த தோண்டி எடுத்தப்ப, 1865ல இருந்து, வறண்ட காத்துல அழுகாம காஞ்சு போன உடம்புங்க கிடைச்சுது, 100க்கும் மேல. அத கண்ணாடிப் பெட்டில வெச்சு டிக்கெட் போட்டு காட்டறாங்க, கைக்குழந்தைங்க உடம்பு கூட இருக்கு. ஏழைங்க வரி கட்ட முடியாம போனதுக்கு செத்தப்புறமும் தண்டனை மாதிரி இருந்துச்சு எனக்கு. நீங்க ஸ்கிப் பண்ணா ஒண்ணும் குறையாது. அந்த நேரத்துல மெர்காதோ இடால்கோ போங்க, 1910ல சுதந்திரப் போராட்டத்தோட நூற்றாண்டுக்கு திறந்த இரும்புக் கூரை மார்க்கெட், ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இருக்கும். வாசல்ல ஒரு அம்மா கள்ளி மடல வரிசையா அடுக்கி வெச்சுக்கிட்டு, ஒரு கையில மடலப் பிடிச்சு இன்னொரு கையில கத்திய படுக்க வெச்சு சர்ர் சர்ர்னு முள்ள சீவிட்டே பேசிட்டு இருப்பாங்க, பாக்கவே மாட்டாங்க, ஆனா ஒரு முள்ளு மிச்சம் இருக்காது. நம்ம ஊர்ல வேலியோரத்துல கிடக்கற சப்பாத்திக்கள்ளியோட சொந்தம் தான், அங்க அது தினசரி காய். மிளகாய், கொய்யா, கள்ளின்னு நாம நம்ம ஊர் சரக்குன்னு நெனச்சுட்டு இருக்கற பாதி அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்தது தான், இந்த மார்க்கெட்ல சுத்தும்போது அம்மாவுக்கு இதச் சொல்லுங்க.

வெளில நடக்கணும்னு கேட்டீங்கல்ல, ஊர விட்டு வெளில போகாமயே பூஃபா மலை இருக்கு. ஊருக்குத் தெக்கால செங்குத்தா பாறை நீட்டிக்கிட்டு நிக்குமே, அது. ஊர மேல சுத்தி வர்ற பனோராமிகா ரோடு வரைக்கும் டாக்ஸில போயிட்டு அங்கிருந்து நடக்கணும், போக வர நிதானமா பாதி நாள். காலைல 7 மணிக்கெல்லாம் கிளம்பிடுங்க, வழியில நிழலே கிடையாது, கடை கிடையாது, ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி வேணும். தனியா போகாதீங்க, ஹாஸ்டல்ல கேட்டா லோக்கல் கைடு கிடைப்பாங்க. ஜூலை 31ல இந்த மலையில குகைத் திருவிழா, புனித இக்னாசியோவுக்கு, ஊரே சாப்பாட்டு மூட்டையோட மேல ஏறிடும். அதே மாசத் தொடக்கத்துல இன்னொரு விழா, 1740கள்ல கட்டின லா ஒய்யா அணையோட மதகத் திறந்து விடுவாங்க, பேண்டு வாத்தியத்தோட. அந்த அணை ஊர்க்கோடில இருக்கு, படகு வாடகைக்கு விடுவாங்க, பக்கத்துல பார்க். நீங்க மலை ஏறற அன்னிக்கு அம்மா அப்பாவ அங்க விட்டுட்டு போகலாம், சமதரை, பெஞ்ச் நிறைய.

அடுத்த நாள் தான் இந்த டிரிப்போட உயிர்நாடி, ஒரு டிரைவரோட வண்டி பேசிட்டு குவானஹுவாட்டோல இருந்து வலென்சியானா, சான்ட்டா ரோசா, தொலோரெஸ் இடால்கோ, அத்தொத்தொனில்கோ, சான் மிகேல்னு ஒரே மலை ரோட்டுல போறது. லக்கேஜயும் ஏத்திக்கோங்க, திரும்பி வர வேண்டாம்.

முதல் நிறுத்தம் வலென்சியானா, ஊர்ல இருந்து கொஞ்ச தூரம் மேல. 1760கள்ல ஒப்ரெகோன்ங்கற ஆள் இங்க தோண்டிட்டே இருந்தாரு, கடன் மேல கடன், கடைசில பெரிய வெள்ளி நரம்பு மாட்டிச்சு, ஒரேயடியா கோடீஸ்வரனாகி ஸ்பெயின் ராஜாகிட்ட கவுன்ட் பட்டம் வாங்கிட்டாரு. 18ஆம் நூற்றாண்டுல உலகத்துலயே வெள்ளி எடுக்கறதுல குவானஹுவாட்டோ தான் முதலிடம், அதுல இந்தச் சுரங்கத்தோட பங்கு ரொம்பப் பெருசு. 1803ல ஜெர்மன் விஞ்ஞானி ஹும்போல்ட் இங்க வந்து இறங்கிப் பாத்து எழுதி வெச்சிருக்காரு. சுரங்கம் 500 மீட்டருக்கு மேல ஆழம், அதுக்குள்ள இருந்து வெள்ளிக்கல்ல மனுஷன் தான் முதுகுல சுமந்து படி ஏறி வரணும், ஒரு நடைக்கு 100 கிலோவுக்கும் மேல, அவங்களுக்கு தெனாத்தேரோன்னு பேர். இப்ப போகாமினா சான் ரமோன், சான் கயெத்தானோன்னு ரெண்டு சுரங்க வாசல் சுத்திப் பாக்க திறந்திருக்கு, ஹெல்மெட் போட்டு கொஞ்ச தூரம் கீழ கூட்டிட்டுப் போவாங்க. படி செங்குத்து, ஈரம், வெளிச்சம் கம்மி, அப்பா மேலயே உக்காந்திருக்கட்டும். பாதி படி இறங்கி நின்னு சும்மா மேல திரும்பிப் பாருங்க, வெறும் கையோட ஏறறதுக்கே நெஞ்சு அடைக்குது, முதுகுல மூட்டையோட எப்படிடா ஏறுனாங்கன்னு தோணும்.

அப்புறம் ரோட்டுக்கு எதிர்ல சான் கயெத்தானோ சர்ச், 1788ல திறந்தது. அந்தச் சுரங்கக் காசுல கட்டினது. வாசல்ல கல்லு ஒரு இன்ச் கூட சும்மா இருக்காது, கொடி, இலை, சிப்பி, முகம்னு பின்னிப் பிணைஞ்சிருக்கும், சுர்ரிகெரெஸ்க்னு அந்தப் பாணிக்கு பேர். உள்ள போனா மூணு பலிபீடம், தரையில இருந்து கூரை வரைக்கும் தங்க முலாம். சாந்துல வெள்ளித்தூள் கலந்தாங்கன்னு கைடு கதை விடுவாரு, கேட்டுக்கோங்க. சுரங்கத்த முதல்ல பாத்துட்டு அப்புறமா சர்ச்சுக்குள்ள போங்க, நான் சொல்றது புரியும்.

கல்லுல இருந்து வெள்ளிய எப்படிப் பிரிச்சாங்கன்னு தெரிஞ்சுக்கணும்னா ஊருக்கு மறுபக்கம் சான் கப்ரியேல் தே பர்ரேரான்னு ஒரு பழைய அசியெந்தா, அதாவது பண்ணை மாளிகை, இருக்கு, நேரம் இருந்தா முந்தின நாளே போயிட்டு வாங்க. கல்ல மாவா அரைச்சு, பெரிய முற்றத்துல சேறா பரப்பி, உப்பும் பாதரசமும் போட்டு கோவேறு கழுதைங்கள அது மேல வாரக்கணக்கா மிதிக்க விடுவாங்க. வெள்ளி பாதரசத்தோட ஒட்டிக்கும், அப்புறம் சூடு பண்ணி பாதரசத்த ஓட்டிடுவாங்க. 1550கள்ல பச்சூகாவுல பார்த்தொலோமே தே மெதினா கண்டுபிடிச்ச முறை இது. கழுதைங்களும் ஆளுங்களும் பாதரச விஷத்துல செத்தாங்க, ஐரோப்பாவுல காசு புழங்குச்சு. இப்ப அதே இடத்துல 17 தோட்டம், ரோஜா, ஃபவுண்டன், கல்யாண போட்டோ ஷூட். சமதரை தான், அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும்.

வலென்சியானா தாண்டினதும் ரோடு வளைஞ்சு வளைஞ்சு சான்ட்டா ரோசா மலைக்குள்ள போகும். இங்க தான் திடீர்னு கள்ளி முடிஞ்சு ஓக் காடு வரும், குளிரும். கிராமத்துல பீங்கான் பட்டறையும், மெஸ்கால்ங்கற கத்தாழைச் சாராயம் விக்கற கடையும் இருக்கு. டீ குடிக்க நிறுத்துங்க. நடக்கறவங்களுக்கு காட்டுக்குள்ள பாதைங்க உண்டு, மழைக்காலத்துல காளான் பொறுக்க ஆளுங்க போவாங்க.

தொலோரெஸ்ல ஒரு மணி நேரம் போதும். 1810 செப்டம்பர் 16 விடியக்காலைல இடால்கோ மணி அடிச்சு ஜனங்கள கூப்பிட்ட சர்ச் இது, மெக்சிகோவோட சுதந்திரப் போர் ஆரம்பிச்ச வாசப்படி. மணி இப்ப இங்க இல்ல, 1896ல மெக்சிகோ சிட்டி அரண்மனைக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. மனுஷன் சாதாரண பாதிரியார் இல்ல, ஜனங்களுக்கு மண்பாண்டம் செய்ய, பட்டுப்புழு வளக்க, திராட்சை போட எல்லாம் சொல்லிக் குடுத்தவரு, இன்னைக்கும் ஊர் முழுக்க கலர் பீங்கான் கடைங்க தான், சான் மிகேல்ல வாங்கறத விட இங்க மலிவு. சர்ச் முன்னாடி ப்ளாசாவுல ஐஸ்க்ரீம் வண்டிங்க, அவகாடோ, சோளம், டெக்கீலா, இறால், பன்றித்தோல் வறுவல்னு என்னென்னமோ ஃப்ளேவர். கேட்டா ருசி பாக்க ஸ்பூன்ல குடுப்பாங்க. இறால் ஐஸ்க்ரீம் வாழ்க்கைல ஒரு ஸ்பூன் போதும். இந்த ஊர்ல பொறந்த பாடகர் ஹொசே அல்ஃப்ரேதோ ஹிமேனெஸோட கல்லறை பெரிய தொப்பி, அதோட இறங்கி வர்ற மொசைக் சால்வைன்னு ஒரு வடிவத்துல இருக்கும், கலர் அள்ளும்.

அத்தொத்தொனில்கோவுக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்க. வெளில இருந்து பாத்தா வெள்ளையா சும்மா ஒரு கோட்டைச்சுவர் மாதிரி இருக்கும். 1740ல அல்ஃபாரோங்கற பாதிரியார் ஆரம்பிச்சது. உள்ள கூரை, சுவர், வளைவுன்னு ஒரு அங்குலம் விடாம போகசாங்ரேங்கற ஓவியர் வரைஞ்சு தள்ளியிருக்காரு, வருஷக்கணக்கா. ரத்தம், முள்முடி, நரகம், அதுக்கு நடுவுல கவிதை. மைக்கலாஞ்சலோ மாதிரின்னு எல்லா கைடும் சொல்லுவாங்க, எனக்கு அப்படித் தோணல, இது கிராமத்துக் கை, நேரடியா பயமுறுத்தற கை, அது தான் இதோட பலம். இன்னைக்கும் தவம் இருக்கறதுக்கு ஜனங்க கூட்டம் கூட்டமா வருவாங்க, வாசல்ல முள்முடியும் சின்ன சாட்டையும் விக்கறத பாப்பீங்க, அது சுவனீர் இல்ல, நிஜமாவே போட்டுக்கறாங்க, அதனால போட்டோ எடுக்கும்போது கொஞ்சம் பாத்து. இடால்கோ குவாதலூப்பே மாதா படத்த கொடியா எடுத்துக்கிட்டது இந்த சர்ச்ல இருந்து தான். சான் மிகேல் ஊரோட சேத்து 2008ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்துச்சு.

அங்கிருந்து சான் மிகேல் போற வழியிலயே வெந்நீர் ஊற்றுங்க, லா க்ரூத்தா, எஸ்கொந்திதோன்னு. அப்பா முட்டிக்கு இது தான் மருந்து. லா க்ரூத்தால ஒரு குளத்துல இருந்து சுரங்கம் மாதிரி ஒரு வழியில தண்ணிக்குள்ளயே நடந்து போனா, கல் கூரை போட்ட இருட்டான வட்ட அறை வரும், உள்ள தான் சூடு அதிகம். வார நாள்ல காலைல போங்க, சனி ஞாயிறுன்னா கூட்டம்.

சான் மிகேல்ல பிங்க் கலர் கோபுரத்தோட பரோக்கியா சர்ச் முகப்பு, செஃபெரினோ குத்தியெரெஸ்னு ஒரு உள்ளூர் கொத்தனார் 1880 வாக்குல ஐரோப்பிய சர்ச்சோட போஸ்ட்கார்ட் பாத்து கட்டினதா சொல்லுவாங்க. பாத்தா நம்பலாம் போலத் தான் இருக்கு, கோத்திக் மாதிரியும் இருக்கும், கனவுல வந்த கோத்திக் மாதிரியும் இருக்கும். இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் ஓவியம் படிக்க வந்து, அப்படியே அமெரிக்கர்கள் நிறைய குடியேறிட்டாங்க, அதனால விலை ஏறிடுச்சு, காபி விலை பாத்தா டல்லாஸ்ல இருக்கற ஃபீலிங் வரும். கடைய விட்டுட்டு எல் சார்கோ தெல் இன்ஹேனியோ போங்க. ஊருக்கு மேல ஒரு பள்ளத்தாக்கு, அதோட விளிம்புல கள்ளித் தோட்டம், 1991 ஜூலை 11 முழு சூரிய கிரகணத்தன்னிக்கு திறந்தாங்க. பீப்பாய் மாதிரி கள்ளி, மெழுகுவர்த்தி மாதிரி கள்ளி, கிழவர் தாடி மாதிரி வெள்ளை முடி வெச்ச கள்ளி, நடுவுல பழைய அணைக்கட்டு, நீர்ப்பறவைங்க. பாதை பெரும்பாலும் மேடு பள்ளம் இல்லாதது, ரெண்டு மணி நேரம் ஆராமா நடக்கலாம். இந்த ஊர்ல எனக்கு திரும்பத் திரும்ப போகத் தோணின இடம் இது ஒண்ணு தான். ஊர்க் கல்தரை பத்தி ஒரு எச்சரிக்கை, வழுவழு கூழாங்கல்லு, அப்பாவுக்கு நல்ல ரப்பர் சோல் ஷூ கட்டாயம்.

இன்னொரு நாள் இருந்தா ரெண்டுல ஒண்ணு. பிரமிட் பாக்கணும்னா கன்யாதா தே லா விர்ஹென், 2011ல தான் ஜனங்களுக்கு திறந்தாங்க, கைடோட மட்டும் தான் விடுவாங்க, கொஞ்சம் நடக்கணும். இல்லன்னா மினெரல் தே போசோஸ், வெள்ளி தீந்ததும் ஜனங்க விட்டுட்டுப் போன சுரங்க ஊர். சான்ட்டா ப்ரிகிதா சுரங்கத்துல மூணு உலை கூம்பு கூம்பா வெட்டவெளில நிக்கும். நான் போசோஸ் பக்கம். ஆனா அங்க மூடாத சுரங்கக் குழிங்க தரையோட தரையா இருக்கு, வேலி எதுவும் இருக்காது, குழந்தைங்க இருந்தா கைய விடாதீங்க, உள்ளூர் கைடு இல்லாம சுத்தாதீங்க.

கெரேட்டரோ பெரிய நகரம், இருந்தாலும் பழைய பகுதி நடக்கறதுக்கு அருமை, பாதி தெருவுல வண்டியே கிடையாது. 74 வளைவோட நீர்ப்பாலம், 1726ல இருந்து 1738 வரைக்கும் கட்டினது, சாயங்காலம் வ்யூ பாயின்ட்ல இருந்து பாருங்க. செர்ரோ தே லாஸ் கம்பானாஸ் குன்றுல தான் 1867 ஜூன் 19 அப்ப மெக்சிகோவுக்கு பேரரசனா இருந்த மாக்சிமிலியன சுட்டுக் கொன்னாங்க, இப்ப அது பார்க்.

கடைசி நாளுக்கு பெர்னால். கெரேட்டரோல இருந்து ஒரு மணி நேரம். ஊர் பின்னாடி ஒரே பாறை, உலகத்துல இருக்கற பெரிய ஒற்றைக்கல் மலைங்கள்ல ஒண்ணு, உச்சி கடல் மட்டத்துல இருந்து 2,515 மீட்டர். எரிமலைக் குழம்பு பிசுபிசுன்னு உள்ளயே இறுகி, சுத்தியிருந்த மண்ணு அரிச்சுப் போய் பாறை மட்டும் நிக்குது, வயசு சுமார் 87 லட்சம் வருஷம். சாதாரணமா நடந்து பாதிக்கு மேல போகலாம், அங்க ஒரு சின்ன சேப்பல் மாதிரி இருக்கு, அதுக்கு மேல கயிறு, ஹெல்மெட், கைடு இருக்கற பாறை ஏற்றக்காரங்களுக்கு மட்டும். கடைசி கொஞ்ச தூரம் கால் பட்டு பட்டு பாறை கண்ணாடியா வழுக்கும், ஏறறத விட இறங்கறது கஷ்டம், உக்காந்து இறங்கறதுல வெக்கமே இல்ல, எல்லாரும் அப்படித் தான் இறங்குவாங்க. மார்ச் 20, 21 பக்கம் மட்டும் போகாதீங்க, வெள்ளை டிரெஸ் போட்டுக்கிட்டு சக்தி ஏத்திக்க கூட்டம் கூட்டமா வருவாங்க. அப்பா அம்மா கீழ ப்ளாசாவுல உக்காந்து மலையப் பாத்துக்கிட்டே கோர்தித்தா, உள்ள பூரணம் வெச்ச தடியான சோள ரொட்டி, சாப்பிடலாம்.

சியெர்ரா கோர்தா மலைப்பகுதி பத்தியும் கேட்டிருந்தீங்க. ஜல்பான், கொன்கான்னு அஞ்சு ஃப்ரான்சிஸ்கன் மிஷன் சர்ச், அருவி, காடு, மக்காவ் கிளி பறக்கற ஆழமான பாதாளக் குழி, எல்லாம் சொர்க்கம் தான். ஆனா பெர்னால் தாண்டி மணிக்கணக்கா கொண்டை ஊசி வளைவு. கூட ஒரு மூணு நாள் இருந்தா மட்டும், இந்தத் தடவை வேணாம்.

சாப்பாடு. நீங்க சைவம்னா "சின் கார்னே" (கறி இல்லாம)ன்னு மட்டும் சொல்லி விட்டுடாதீங்க, சிக்கன் கார்னே கணக்குல வராது, பீன்ஸ்ல பன்றிக் கொழுப்பு இருக்கலாம், "சின் பொயோ, சின் மன்தேகா" (சிக்கன் இல்லாம, பன்றிக் கொழுப்பு இல்லாம)ன்னு சேத்து கேளுங்க. என்சிலாதாஸ் மினேராஸ் கண்டிப்பா சாப்பிடுங்க, வத்தமிளகா சாஸ்ல முக்கின சோள ரொட்டி, உள்ள சீஸ் வெங்காயம், மேல உருளைக்கிழங்கும் கேரட்டும். சுரங்கத் தொழிலாளிங்க சாப்பாடு, சிக்கன் இல்லாம குடுங்கன்னா குடுப்பாங்க. செலாயா ஊர் காஹேத்தா, ஆட்டுப்பால சர்க்கரை போட்டு சுண்டக் காய்ச்சினது, ஒரு பாட்டில் வாங்கிட்டுப் போங்க.

பாதுகாப்பு பத்தி மூடி மறைக்க மாட்டேன். குவானஹுவாட்டோ மாநிலத்துல கேங் சண்டை நிஜமாவே இருக்கு, நியூஸ்ல வர்றது பொய் இல்ல. அது அதிகம் நடக்கறது செலாயா, சலமான்கா, இராபுவாட்டோ மாதிரி தொழில் நகரங்க பக்கம், நான் சொன்ன டூரிஸ்ட் ஊருங்க கணக்கு வேற. இருந்தாலும் இருட்டினப்புறம் ஊர் விட்டு ஊர் போகாதீங்க, இருக்கற இடத்துல டோல் ரோடே எடுங்க, கிளம்பறதுக்கு முன்னாடி அமெரிக்க அரசாங்கத்தோட பயண எச்சரிக்கைய ஒரு தடவை படிச்சிடுங்க. ஊருங்களுக்கு நடுவுல ஓடற ஃபர்ஸ்ட் கிளாஸ் பஸ் நல்லா இருக்கும், சீட் நம்ம விமான சீட்ட விட அகலம்.

ஃப்ளைட் போடும்போது போக ஒரு ஏர்போர்ட், வர ஒரு ஏர்போர்ட்னு போடுங்க, சிலாவ்ல இருக்கற பஹியோ ஏர்போர்ட்ல இறங்கி கெரேட்டரோல இருந்து திரும்புங்க, ஒரு நாள் மிச்சமாகும். அம்மா அப்பாகிட்ட செல்லுபடியாகற அமெரிக்க விசா இருந்தா மெக்சிகோவுக்கு தனியா விசா வேணாம், ஆனா அந்த விசா மல்டிபிள் என்ட்ரியான்னு பாத்துக்கோங்க, இல்லன்னா திரும்பி டல்லாஸ் வர்றதுல சிக்கல். கையில பெசோ சில்லறை எப்பவும் இருக்கட்டும், பொதுக் கழிப்பறை, மலையடிவார டிக்கெட், டோல் எல்லா இடத்துலயும் கார்டு ஓடாது.